கலங்கிய நெஞ்சுக்கு ஆறுதல்: அன்னை உம்மு ஸலமா (ரலி)

நம் வீடுகளில் மௌத்துச் செய்தி வந்தால் முதலில் வாயில் வருவது இன்னாலில்லாஹி என்னும் சொல்தான். குழந்தைக்குப் பேச்சு வரும்போதே அதுவும் வந்துவிடுகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து கேட்க வேண்டிய ஒரு துஆ இருக்கிறது. இந்த முஸீபத்தில் எனக்குக் கூலியைத் தா, நான் இழந்ததை விட மேலானதை எனக்கு ஈடாகத் தா என்று இறைவனிடம் மன்றாடும் துஆ அது. அதை ஓதுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஓதுகிறவர்களிலும், கேட்டது கிடைக்கும் என்று மனத்தால் நம்பி ஓதுகிறவர்கள் எத்தனை பேர்?

நம்பிக்கை வராமல் நாம் தடுமாறுவது புதிதல்ல. அந்த துஆவை உம்மத்துக்கு எடுத்துச் சொன்ன அம்மையாருக்கே அந்தத் தடுமாற்றம் வந்தது. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. தம் வாயாலேயே சொல்லி வைத்தார்கள். அவர்கள்தாம் முஃமின்களின் அன்னையரில் ஒருவரான உம்மு ஸலமா (ரலி) அவர்கள்.

அன்னையின் இயற்பெயர் ஹிந்த். குறைஷிகளில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த பனூ மக்ஸூம் கோத்திரத்தில் பிறந்தார்கள். தந்தை அபூ உமையா, கொடைக்குப் பேர்போனவர். அவரோடு பிரயாணம் செய்கிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டியதில்லை என்பதால், பயணிகளின் உணவு என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே அவருக்கு இருந்தது. அன்னை வாழ்க்கைப்பட்டது தம் கோத்திரத்தைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு அப்துல் அஸத் அவர்களுக்கு. அபூ ஸலமா (ரலி) என்று நாம் அறிந்திருப்பவர் இவர்தாம். இவருடைய தாயார் பர்ரா, அப்துல் முத்தலிபின் மகள். ஆகவே நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இவர் அத்தை மகன், பால்குடிச் சகோதரரும்கூட.

இருவரும் இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களிலேயே ஈமான் கொண்டவர்கள். மக்காவில் கொடுமை மிகுந்தபோது கி.பி. 615ஆம் ஆண்டளவில் ஹபஷா நாட்டுக்கு ஹிஜ்ரத் செய்தவர்களில் இந்தத் தம்பதியும் இருந்தார்கள். முஸ்லிம்களைத் திருப்பிக் கொண்டுவரக் குறைஷிகள் நஜ்ஜாஷி மன்னரிடம் தூதனுப்பியதும், ஜஃபர் (ரலி) அவர்கள் அரசவையில் எழுந்து பேசியதும் நமக்கெல்லாம் தெரிந்த வரலாறு. அதை விரிவாக நமக்கு எடுத்துரைத்திருப்பவர் உம்மு ஸலமா (ரலி) அவர்களே.

பிறகு மக்காவுக்குத் திரும்பினார்கள். அபூ ஸலமா (ரலி) தம் தாய்மாமனாகிய அபூ தாலிபின் பாதுகாப்பில் இருந்தார்கள். மதீனாவுக்கு வழி திறந்தபோது, முதன்முதலாகப் புறப்பட்டவர்களில் இந்தக் குடும்பமும் ஒன்று. ஒட்டகத்தில் மனைவியை ஏற்றி, மடியில் மகன் ஸலமாவை வைத்து, அபூ ஸலமா (ரலி) அவர்கள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடந்தார்கள்.

ஊர் எல்லையைக் கடக்குமுன் அன்னையின் வீட்டார், பனூ முகீரா குடும்பத்தார், வந்து மறித்தார்கள். நீ போவதானால் போய்க்கொள், எங்கள் பெண்ணை ஊர் ஊராக அலையவிட மாட்டோம் என்று சொல்லிக் கயிற்றைப் பறித்து அன்னையை இறக்கிக்கொண்டார்கள். செய்தி அபூ ஸலமாவின் குடும்பத்தாருக்குப் போயிற்று. எங்கள் ஆளிடமிருந்து அவளைப் பிரித்தீர்களானால், எங்கள் பிள்ளையை நாங்கள் அவளிடம் விட்டுவைக்க மாட்டோம் என்று அவர்கள் குறுக்கே வந்தார்கள். இரு தரப்பாரும் குழந்தையைப் பிடித்து இழுத்ததில் அதன் கை மூட்டு விலகிவிட்டது. கடைசியில் குழந்தையைத் தந்தை வழியார் கொண்டு போனார்கள். கணவர் மதீனாவில், பிள்ளை ஒரு வீட்டில், தாய் வேறொரு வீட்டில். ஒரே நாளில் ஒரு குடும்பம் மூன்று துண்டாயிற்று.

இதைச் செய்தவர்கள் அந்நியர் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரு தரப்பாரும் ஒரே கோத்திரம். கேட்டால் கௌரவத்துக்காகச் செய்தோம் என்பார்கள். குடும்பத் தகராறில் பச்சைக் குழந்தையை இருபுறமும் பிடித்து இழுக்கும் வழக்கம் அந்த அறியாமைக் காலத்தோடு ஒழிந்துவிட்டதா என்று நம் ஜமாஅத்துகளில் பஞ்சாயத்துக்கு உட்காருகிற பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

அன்னை ஒவ்வொரு நாளும் காலையில் அப்தஹ் என்னும் திடலுக்குப் போய் உட்காருவார்கள். பொழுது சாயும் வரை அழுவார்கள். பிறகு வீடு திரும்புவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல; ஏறக்குறைய ஓராண்டு. ஓர் ஆண்டு முழுவதும் ஒரு துஆ கபூலாகாதது போலத் தோன்றும் நிலை எப்படிப்பட்டது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். அவ்வளவு நாளும் அழுதார்கள். ஆனால் ஈமானை விட்டுக்கொடுத்துக் கணவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவர்களிடம் எழுந்ததாக எங்கும் இல்லை. அழுவது ஸபூருக்கு விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள். அன்னையின் அந்த ஓராண்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஒரு நாள் அன்னையின் உறவினர் ஒருவர் அவ்வழியே வந்தார். முகத்தைப் பார்த்தார், மனம் இளகிற்று. இந்த ஏழையை ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று தம் வீட்டாரிடம் போய்ப் பேசினார். அவர்களும் விட்டுக்கொடுத்து, விரும்பினால் கணவனிடம் போகலாம் என்றார்கள். அதைக் கேட்டு அபூ ஸலமாவின் வீட்டாரும் பிள்ளையைத் திருப்பித் தந்தார்கள்.

அன்னை அதற்குமேல் ஒருநாளும் தாமதிக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டகத்தில் ஏறித் தன்னந்தனியே புறப்பட்டார்கள். மதீனா நானூறு கிலோமீட்டருக்கு மேல்; நடுவே பாலையும் மலையும். மக்காவுக்குச் சற்று வெளியே தன்ஈம் என்னுமிடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா என்பவரைச் சந்தித்தார்கள். அவர் அப்போது முஸ்லிமாகவில்லை. எங்கே போகிறீர்கள், துணைக்கு யார் என்று விசாரித்தார். அல்லாஹ்வையும் இந்தச் சின்னப் பிள்ளையையும் தவிர வேறு துணை இல்லை என்று அன்னை சொன்னார்கள். இப்படி விட்டுவிட முடியாது என்று சொல்லி அவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிரயாணத்தை அன்னை பிற்காலத்தில் வருணித்திருக்கிறார்கள். தங்குமிடம் வந்தால் அவர் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, தாம் விலகி நின்றுகொள்வார். அன்னை இறங்கியபின் வந்து சுமையை இறக்கி, ஒட்டகத்தை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, தாம் வேறொரு மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். புறப்படும் வேளையில் ஒட்டகத்தைத் தயார்செய்து கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி விலகி நிற்பார். இப்படியே குபா வரை கொண்டுவந்து, உங்கள் கணவர் இந்தக் கிராமத்தில் இருக்கிறார் என்று காட்டிவிட்டு மக்காவுக்குத் திரும்பி நடந்தார். அவரைவிடக் கண்ணியமான ஒரு வழித்துணையை நான் கண்டதில்லை என்று அன்னை சொல்லி வந்தார்கள். அல்லாஹ் தன் அடியாரைக் காக்க நாடினால், இன்னும் கலிமாச் சொல்லாத ஒருவரின் கையைக் கொண்டும் காப்பான். அந்த உஸ்மான் ஹிஜ்ரி 8இல் முஸ்லிமானார்கள்; மக்கா வெற்றியன்று கஃபாவின் சாவி அவர்கள் கையில்தான் ஒப்படைக்கப்பட்டது.

குடும்பம் ஒன்று சேர்ந்தது. ஆனால் சேர்ந்து வாழ்ந்த காலம் சில ஆண்டுகளே. அபூ ஸலமா (ரலி) பத்ரில் கலந்துகொண்டார்கள். ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) உஹதில் கையில் அம்பு பாய்ந்து காயமுற்றார்கள். ஒரு மாதம் வைத்தியம் செய்து, மேலே ஆறியது போலிருந்தது; உள்ளே ஆறவில்லை. அடுத்த முஹர்ரத்தில் பனூ அஸத் கோத்திரத்தார் படை திரட்டுவதாகச் செய்தி வரவே, நாயகம் (ஸல்) அவர்கள் 150 பேருக்கு அவர்களைத் தலைவராக்கி அனுப்பினார்கள். வெற்றியோடு திரும்பினார்கள், ஆனால் பழைய புண் உடைந்துகொண்டது. ஹிஜ்ரி 4, ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வபாத்தானார்கள்.

ரூஹ் பிரிந்த வேளையில் நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, திறந்திருந்த கண்களைத் தம் கையால் மூடினார்கள். வீட்டார் அலறியபோது, இந்த நேரத்தில் நீங்கள் சொல்வதற்கு மலக்குகள் ஆமீன் கூறுகிறார்கள், ஆகவே நல்லதையே கேளுங்கள் என்று தடுத்தார்கள். மையித்தின் மறுமைப் படித்தரம் உயரவும், கப்ரு விசாலமாகி ஒளி பெறவும், விட்டுச் சென்ற குடும்பத்தை அல்லாஹ்வே பொறுப்பேற்கவும் துஆச் செய்தார்கள். மையித்து வீட்டில் வாயைத் திறக்கும்போது நம் பெண்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நம் வீட்டில் என்னென்ன சொல்லி அழுகிறார்கள் என்பதை எழுதவே நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

அன்னைக்கும் அந்த வேகம் வரத்தான் செய்தது. அந்நிய மண்ணில் அந்நியராக இறந்துபோனாரே, ஊர் பேசும்படி அவருக்காக ஒப்பாரி வைப்பேன் என்று எண்ணித் தயாரானார்கள். துணைக்கு அழ ஒரு பெண்ணும் புறப்பட்டு வந்தாள். நாயகம் (ஸல்) அவர்கள் அவளை எதிர்கொண்டு, அல்லாஹ் வெளியேற்றிய ஷைத்தானை மறுபடியும் அந்த வீட்டுக்குள் அழைத்துவரப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். அன்னை அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்கள்.

அதன்பின் அவர்களுக்கு அந்த துஆ நினைவுக்கு வந்தது. கணவர் உயிரோடிருந்தபோது ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையிலிருந்து மகிழ்ச்சியோடு வந்து சொன்ன துஆதான் அது. கூலியைத் தா என்பது வரை தயக்கமில்லாமல் ஓதினார்கள். இதைவிட மேலானதை ஈடாகத் தா என்ற இடத்துக்கு வந்ததும் மனம் நின்றுவிட்டது. அபூ ஸலமாவைவிட மேலானவர் யார் இருக்கிறார்? குடும்பத்தோடு முதலில் ஹிஜ்ரத் செய்த மனிதரல்லவா? இப்படி மனம் கேட்டது. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த சொல் என்பதற்காக அதையும் ஓதி முடித்தார்கள்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அன்னைக்கு அப்போது வழி எதுவும் தெரியவில்லை. மேலானது எப்படி வரும், எங்கிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு அவர்கள் கேட்கவில்லை. மனம் ஒப்பாத நிலையில், வாக்களித்தவன் பொய்யாக்க மாட்டான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாவால் ஓதினார்கள். உருக்கம் வந்தபின் ஓதலாம், நம்பிக்கை பிறந்தபின் கேட்கலாம் என்று நாம் தள்ளிப்போடுவதுண்டு. அன்னை தள்ளிப்போடவில்லை.

கணவரும் தமக்குப் பின் மனைவியின் நிலையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் மறுமணம் செய்வதில்லை என்று உடன்படிக்கை செய்துகொள்வோமா என்று ஒருமுறை அன்னை கேட்டதாகவும், அபூ ஸலமா (ரலி) அதை மறுத்து, நான் இறந்தால் நீ மணந்துகொள் என்று சொல்லி, என்னைவிட மேலான ஒருவரை இவளுக்குத் தா என்று துஆச் செய்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விதவை மறுமணத்தை ஒரு குறையாக எண்ணுகிற குடும்பங்கள் நம்மில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் இதைப் படிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

இத்தா முடிந்தது. ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) பெண் கேட்டார்கள், அன்னை இணங்கவில்லை. ஹஸ்ரத் உமர் (ரலி) கேட்டார்கள், அதற்கும் இணங்கவில்லை. பிறகு நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்தே செய்தி வந்தது. அப்போதும் அன்னை மனத்திலிருந்ததை ஒளிக்கவில்லை. நான் ரோஷம் மிகுந்தவள், பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதும் ஆகிவிட்டது, என் வலீமார் எவரும் இங்கில்லை என்று அடுக்கினார்கள். ரோஷத்தைப் போக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு அல்லாஹ் பொறுப்பு. வயதில் நான் இன்னும் மூத்தவன். உன் வலீமாரில் இங்கிருப்பவரோ இல்லாதவரோ இதை வெறுக்க மாட்டார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியனுப்பினார்கள். ஹிஜ்ரி 4 ஷவ்வாலில் நிக்காஹ் நடந்தது.

வபாத்தாகிவிட்ட அன்னை ஸைனப் பின்த் குஸைமா (ரலி) அவர்களின் அறை இவர்களுக்குத் தரப்பட்டது. அறையில் இருந்தவை ஒரு ஜாடியில் கொஞ்சம் வாற்கோதுமை, ஒரு திருகைக்கல், ஒரு சட்டி, சிறிது கொழுப்பு. பெரிய வீட்டில் பிறந்த அன்னை அந்தக் கோதுமையைத் தாமே அரைத்துக் கொழுப்புச் சேர்த்துக் காய்ச்சினார்கள். திருமண இரவின் உணவு அதுதான். மேலானதைத் தா என்று கேட்டதற்கு அல்லாஹ் தந்த வீட்டில் இருந்த பொருள் இவ்வளவே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி அஞ்சினார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? ஸலமா, உமர், துர்ரா, ஸைனப் என்று நால்வர். சிறுவன் உமர் சாப்பிடும்போது கையைத் தட்டு முழுவதும் ஓட்டுவான். நாயகம் (ஸல்) அவர்கள் அருகில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், உனக்கு முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிடு என்று அன்போடு திருத்தினார்கள். இன்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சோற்றுத் தட்டின் முன் சொல்லித்தரும் அதே பாடம், தகப்பனை இழந்த ஒரு பிள்ளைக்குச் சொல்லப்பட்டதுதான். கைக்குழந்தையாயிருந்த பெண்ணுக்கு பர்ரா என்றிருந்த பெயரை மாற்றி ஸைனப் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் மதீனாவின் மார்க்கச் சட்ட அறிவு மிக்க பெண்களில் ஒருவராக அவர் விளங்கினார். அபூ ஸலமாவின் பிள்ளைகளுக்கு நான் செலவு செய்வதில் நன்மை உண்டா, அவர்கள் என் பிள்ளைகளாயிற்றே என்று அன்னை கேட்டபோது, உண்டு என்றே பதில் வந்தது.

தம் துயரம் ஆறியதோடு அன்னையின் வரலாறு முடியவில்லை. மற்றவர்கள் மனமுடைந்து நின்ற வேளைகளில் அன்னை அருகில் இருந்ததையும் காண்கிறோம்.

ஹிஜ்ரி 6, துல்கஃதாவில் ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்கள் உம்ராவுக்காக இஹ்ராம் கட்டி வந்து ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். உடன்படிக்கையின் நிபந்தனைகள் தோல்வியாகவே அவர்கள் கண்ணுக்குப் பட்டன. குர்பானிப் பிராணியை அறுத்துத் தலையை மழியுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. மாறு செய்யும் எண்ணமல்ல, நெஞ்சு உடைந்திருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் வந்து அன்னையிடம் வருத்தத்தைச் சொன்னார்கள். நீங்கள் வெளியே போய் எவரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் உங்கள் பிராணியை அறுத்து, நாவிதரை அழைத்து முடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று அன்னை ஆலோசனை சொன்னார்கள். அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்தார்கள். திரும்பும் வழியிலேயே, நடந்தது தோல்வியல்ல, தெளிவான வெற்றி என்று அல்லாஹ் அருளினான். இரண்டே ஆண்டுகளில் மக்கா கைவந்தது. திடலில் ஓராண்டு அழுத அனுபவம் இல்லாதவருக்கு, உடைந்த மனம் பேச்சால் எழாது என்பது அந்நேரம் தோன்றியிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

மற்றொன்று, ஹிஜ்ரி 5இல் நடந்த அபூ லுபாபா (ரலி) அவர்களின் சம்பவம். பனூ குறைளா முற்றுகையின்போது, சொல்லக்கூடாத ஒன்றைக் கையால் கழுத்தைக் காட்டிக் குறிப்பாகத் தெரிவித்துவிட்டார்கள். அடுத்த கணமே தவற்றை உணர்ந்து, நேரே பள்ளிவாசலுக்குப் போய்த் தம்மைத் தூணில் கட்டிக்கொண்டார்கள். தௌபா ஏற்கப்பட்ட செய்தி ஸஹர் நேரத்தில், நாயகம் (ஸல்) அவர்கள் அன்னையின் வீட்டில் இருந்தபோது வந்தது. நான் அவருக்கு நற்செய்தி சொல்லலாமா என்று அனுமதி கேட்டு, அறை வாசலில் நின்று அதை அறிவித்தவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்கள்தாம். அந்தத் தூண் இருந்த இடம் மஸ்ஜிதுன் நபவியில் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஹிஜ்ரி 9இல் தபூக் போருக்குக் காரணமின்றிப் போகாமல் தங்கிவிட்ட கஃப் இப்னு மாலிக் (ரலி) அவர்களையும் மற்ற இருவரையும் மதீனாவே 50 இரவுகள் பேசாமல் ஒதுக்கி வைத்திருந்தது. கஃப் பொய்க் காரணம் சொல்லித் தப்பவில்லை. என்மேல்தான் குற்றம் என்று ஒப்புக்கொண்டு நின்றார்கள். அந்த நாட்களில் அவர்மீது இரக்கம் கொண்டு நல்லெண்ணத்தோடு இருந்தவர்களில் அன்னையும் ஒருவர். மன்னிப்பு இறங்கியதும் அன்னையின் அறையில்தான். இரவின் கடைசிப் பகுதி. உடனே ஆளனுப்பிச் சொல்லிவிடட்டுமா என்று அன்னை அவசரப்பட்டார்கள். இப்போது சொன்னால் மக்கள் திரண்டு வந்து இரவு முழுவதும் உங்களைத் தூங்கவிட மாட்டார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லி, பஜ்ருத் தொழுகைக்குப் பின் அறிவித்தார்கள். வீட்டு மாடியில் பஜ்ரு தொழுதுவிட்டு, பூமி இவ்வளவு விரிந்திருந்தும் தனக்கு நெருக்கடியாகிவிட்டதே என்று உட்கார்ந்திருந்த கஃபின் காதில், ஸல்உ மலையிலிருந்து ஒருவர் கூவிய குரல் விழுந்தது. அவர் அப்படியே ஸஜ்தாவில் விழுந்தார்.

நாயகம் (ஸல்) அவர்களின் வபாத்துக்குப் பின் அன்னை பல்லாண்டுகள் மதீனாவில் வாழ்ந்தார்கள். மார்க்கச் சந்தேகங்களுக்கு ஸஹாபாக்களும் அவர்களிடம் ஆளனுப்பிக் கேட்பதுண்டு. அவர்கள் வாயிலாக வந்த ஹதீஸ்கள் 378 என்பர். முஃமின்களின் அன்னையரில் கடைசியாக வபாத்தானவர்கள் அவர்களே. ஆண்டு ஹிஜ்ரி 59 என்றும் 61 என்றும் 62 என்றும் வரலாற்றாசிரியர்கள் பலவாறாகக் கூறுவர். ஜன்னத்துல் பகீயில் அடக்கப்பட்டார்கள். ரலியல்லாஹு அன்ஹா.